பழைய பென்சில் ஓவியத்தை மறுபடி கையில் எடுப்பது: அதன் மேலேயே திருத்தலாமா, புதுத் தாளில் வரையணுமா?

சாளரம் | #1

ஏ3 அளவில் ஒரு பென்சில் ஓவியம். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண், இரண்டு கையும் மடியில். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வரைந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தாள் 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) கார்ட்ரிட்ஜ் ஓவியத்தாள். எச்பி-யிலிருந்து 6பி வரை பயன்படுத்தியது (பி எண் கூடக் கூட பென்சில் மென்மை, கறுப்பு). பின்னணி இருட்டு முழுக்க 6பி-யை அழுத்தித் தேய்த்தது. மேலே ஃபிக்ஸேட்டிவ் (பென்சில் உதிராமல் பிடிக்கும் பிசின் தெளிப்பு) அடித்திருக்கிறது.

இப்போது கண்ணில் படுகிற குறைகள்:
- வலது கண் சற்று மேலே ஏறி நிற்கிறது
- கைகள் முகத்தோடு ஒப்பிட்டால் சின்னது
- பின்னணி கறுப்பாக இல்லை, ஈயம் மாதிரி மின்னுகிறது
- தாளின் ஓரம் மஞ்சள் அடித்துவிட்டது

ஆனால் தலை சாய்ந்திருக்கும் விதமும் தோள் இறங்கும் கோடும் நன்றாக விழுந்திருக்கிறது. அதை இழக்க மனமில்லை. இதே தாளில் திருத்தலாமா, புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கணுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கோடும்நிழலும் | #2

முதலில் எதை எங்கே வரைவது என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். என்ன தப்பு என்று சரியாகக் கண்டுபிடித்த பிறகுதான் அதற்குப் பதில் கிடைக்கும்.

பழைய படத்தில் குறை மூன்று இடத்தில் இருக்கலாம்: வடிவம், டோன் (வெளிச்சம்-இருட்டின் அளவு), ஓரங்கள். பார்ப்பதும் இந்த வரிசையில்தான். வடிவம் தப்பாக இருக்கும்போது டோனைத் திருத்தினால் தப்பு இன்னும் அழுத்தமாகத்தான் தெரியும்.

வடிவத்துக்கு: படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது போட்டோ எடுத்து இடவலம் திருப்பிப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தெரியாமல் போன கோணல் உடனே வெளிவரும். கண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வலது கண் ஏறியிருப்பது தப்பாகவே இருக்கணும் என்றில்லை, தலை சாய்ந்திருந்தால் அது இயல்பு. இரண்டு கண்ணின் வெளிமூலைகளைச் சேர்த்து ஒரு கோடு, வாயின் இரண்டு மூலைகளைச் சேர்த்து இன்னொரு கோடு. ஒரு டிரேசிங் தாளை மேலே வைத்து அதில் போடுங்கள், மூலப்படத்தில் வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் போனால் கண் சரி, பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. கண்கோடு மட்டும் அதிகமாகச் சாய்ந்தால் கண்ணோ வாயோ தப்பு. பல படங்களில் உண்மையான குற்றவாளி வாய்தான். தலையைச் சாய்த்து வரைந்துவிட்டு, வாயை மட்டும் பழக்கதோஷத்தில் கிடைமட்டமாகப் போட்டிருப்பார்கள்.

கைக்கு: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம், தாடையிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மடியில் இருக்கும் கை நமக்கு முகத்தைவிட அருகில் இருப்பதால் கொஞ்சம் பெரிதாகவே தெரியணும். விரல் மடங்கியிருந்தால் இப்படி அளக்க முடியாது. அப்போது விரல் முட்டிகளின் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

டோனுக்கு: போட்டோவை மூன்று செ.மீ. அகலத்துக்குச் சுருக்குங்கள். அந்த அளவில் முகம், கை, ஜன்னல் மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் படம் எழும்பாது. பிறகு எந்த ஆப்பிலாவது போஸ்டரைஸ் போட்டு மூன்றே டோனாக மாற்றிப் பாருங்கள். வெளிச்சம், நடு, இருட்டு. தொடக்கநிலைப் படங்களில் பெரும்பாலும் முக்கால்வாசி நடு டோனில் வந்து குவிந்திருக்கும். இருட்டைத் தொடப் பயந்ததால் வருவது அது.

---

நார்த்தாள் | #3

தாள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இதே தாளில் கைவைக்கும் முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒன்று, ஃபிக்ஸேட்டிவ் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று. காது குடையும் பஞ்சுக்குச்சியை உலர்வாகவே எடுத்து, யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் மெதுவாக ஒற்றுங்கள், உருட்டுங்கள். பஞ்சு கறுத்தால் அந்த இடம் இன்னும் திறந்திருக்கிறது, திருத்தலாம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் பிசின் கிராஃபைட்டை (பென்சில் கரியை) தாளோடு கட்டிவிட்டது. அங்கே ரப்பர் வேலை செய்யாது. டப்பாவில் 'வொர்க்கபிள்' என்று எழுதியிருப்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அதன் மேல் தொடர்ந்து வரையலாம் என்பதே அதற்குப் பொருள், அடியில் இருப்பதை அழிக்கலாம் என்பது இல்லை.

இரண்டு, தாளின் பல், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பு. படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் தாளை உரசிப் போகும்படி வைத்துப் பாருங்கள். சொரசொரப்பு தெரிகிற இடத்தில் இன்னும் கிராஃபைட் ஏறும். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் இடத்தில் ஏறாது. 6பி-யை அழுத்தித் தேய்த்த பின்னணி நிச்சயம் இரண்டாவது வகைதான்.

மூன்று, தாளின் உறுதி. எழுதாத ஒரு மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்து மீண்டால் சரி. மொறுமொறுவென்று முறியப் பார்த்தால் அமிலம் நாரைத் தின்றுவிட்டது. அதில் ரப்பர், ஈரம், அழுத்தம் எதுவும் வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி. மரக்கூழ்த் தாளில் மிஞ்சியிருக்கும் லிக்னின் (மரநாரைக் கட்டும் பொருள்) வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. வெள்ளையாக்க ப்ளீச் அது இது என்று இறங்காதீர்கள், நார் பலவீனமாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. மஞ்சள் அடித்த தாளில் ஓர் இடத்தை மட்டும் அழுத்தி அழித்தால் மேல்நார் உரிந்து, அங்கே மட்டும் வெளிறிய திட்டு விழும். முகத்தின் நடுவே அப்படி விழுந்தால் அதை மறைக்க வழியில்லை.

---

சாளரம் | #4

மேற்கோள்: *ஒரு மூலையில் மெதுவாக ஒற்றுங்கள்*

பின்னணியில் பஞ்சு சுத்தமாக இருக்கிறது. முகத்திலும் கையிலும் லேசாகக் கறுக்கிறது. தாள் வளைகிறது, முறியவில்லை. கண்கோடும் வாய்க்கோடும் போட்டுப் பார்த்தேன், கோடும்நிழலும் சொன்னதுபோல வாய்தான் கிடைமட்டமாக இருக்கிறது.

---

நார்த்தாள் | #5

அப்படியென்றால் முகம், கை இரண்டிலும் சின்னத் திருத்தம் இதே தாளில் முடியும். வாயைச் சாய்ப்பது சாத்தியம். கையைப் பெரிதாக்குவது சிரமம். பெரிதாக்க வேண்டுமானால் பழைய கையின் ஓரத்துக்கு வெளியே இருக்கும் துணியின் நிழலை அழித்து வெளிச்சமாக்கணும். இருட்டை வெளிச்சமாக்குவது பென்சிலில் எப்போதும் கடினம்.

அழிக்கும் முறை: பிசையும் ரப்பரைச் சின்ன ஆப்பு வடிவில் உருட்டி, தாளில் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு ஒற்றலுக்கும் ரப்பரின் புதுப் பக்கத்தைத் திருப்பணும், இல்லையென்றால் எடுத்த கிராஃபைட்டையே திரும்பப் பூசுவீர்கள். போதவில்லை என்றால் வெள்ளை வினைல் ரப்பரைக் கத்தியால் கூராகச் சீவி, ஒரே திசையில் மட்டும் இழுங்கள். மெல்லிய உலோக அழிப்புத் தகடு இருந்தால் பக்கத்துக் கோடுகளைக் காப்பாற்றும். கரடுமுரடான மை ரப்பர் பக்கமே போகாதீர்கள்.

கிராஃபைட் போன பிறகும் பென்சில் பதித்த பள்ளம் இருக்கும். எச்பி, எச் பென்சிலை அழுத்தியிருந்தால் நிச்சயம் இருக்கும். அதன் மேல் 4பி-யைப் படுக்கவைத்து நிழல் போட்டால் பள்ளத்தில் ஏறாமல் பழைய வாய் வெள்ளைக் கோடாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் முதலில் கூர்மையான எச்பி-யால் பள்ளத்துக்குள் மட்டும் நிரப்பி, சுற்றியுள்ள டோனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மேலே நிழல்.

---

அடுக்குமேல்அடுக்கு | #6

எதுக்கும் முன்னாடி ஸ்கேன் எடுங்க. இது ஒண்ணு மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

ஏ4 ஸ்கேனர்ல ஏ3 வைக்கணும்னா மூணு பகுதியா எடுக்கணும். அடுத்தடுத்த பகுதி ரெண்டுலயும் 4-5 செ.மீ. பொதுவா வர்ற மாதிரி வைங்க. தாளைத் தலைகீழாத் திருப்பி அடுத்த பகுதியை எடுக்காதீங்க. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்துல இருந்து வர்றதால தாளோட சொரசொரப்பு எதிர்த் திசையில நிழல் காட்டும், ஒட்டின இடம் தனியாத் தெரியும். ஸ்கேனர் மூடி இடிச்சா கழட்டிட்டு, மேல கறுப்புத் துணி போட்டுக்கலாம். ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பனிங், டஸ்ட் ரிமூவல் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடினா ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நிறத்துல வரும்.

400 டிபிஐ போதும். ஏ3-க்கு 4677 × 6614 பிக்சல் வரும். கறுப்பு வெள்ளைப் படமா இருந்தாலும் கலர்லயே எடுங்க, தாளோட மஞ்சளும் ஒரு பதிவுதான். 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாச் சேமிங்க. ஜேபெக்ல சேமிச்சா மெல்லிய டோன் எல்லாம் கட்டம் கட்டமா உடையும்.

பளபளன்னு இருக்கற 6பி பின்னணி ஸ்கேனர்ல சாம்பலாத்தான் வரும். அதுக்கு கேமரா நல்லது. படத்தைச் சுவர்ல மாட்டி, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ரெண்டு விளக்கு. அப்பவும் மினுங்கினா விளக்குக்கு ஒரு போலரைசிங் ஷீட், லென்ஸுக்கு ஒரு போலரைசிங் ஃபில்டர் போட்டு, ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தாத் திருப்புங்க, மினுமினுப்பு மொத்தமாப் போயிடும்.

அப்புறம் போட்டோஷாப் மாதிரி ஆப்ல ஸ்கேனை அடியில பூட்டி, மேல ஒரு லேயர்ல திருத்தத்தை வரைஞ்சு பாருங்க. கையை லாஸோவால (சுத்திக் கோடு போட்டு எடுக்கற டூல்) எடுத்து 108%, 112%, 115%னு பெரிசாக்கி வெச்சுப் பார்த்தா எந்த அளவு சரின்னு உடனே தெரியும். லிக்விஃபை (படத்தை இழுத்து வளைக்கற டூல்) வெச்சு வாயைச் சாய்ச்சுப் பார்க்கலாம். ஆனா அதை முடிவான படமா வெச்சுக்காதீங்க. பென்சில் துகளும் தாளோட நாரும் சேர்ந்து இழுபட்டுப் பிசுபிசுன்னு தெரியும். எங்கே எவ்வளவு நகர்த்தணும்னு கண்டுபிடிக்க மட்டும்தான் அது.

---

கரித்துண்டு | #7

நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். மூலப்படத்தில் கைவைக்கவே வேண்டாம்.

இது பயத்தால் சொல்வது இல்லை. பன்னிரண்டு வருடம் முந்தைய கோட்டுக்கு ஒரு வேகம், ஒரு அழுத்தம் இருக்கிறது. இப்போதைய கை வேறு. அந்தக் கோட்டின் பக்கத்தில் இன்றைய கோட்டை வைத்தால் இரண்டு பேர் வரைந்த படமாகத் தெரியும். முகத்தை மட்டும் திருத்தினால் முகம் தனியாக மிதக்கும். அதைச் சரிசெய்யத் தோளைத் தொடுவோம், தோளுக்காக நாற்காலி, நாற்காலிக்காகப் பின்னணி. கடைசியில் எதற்காகப் படத்தைக் காப்பாற்ற நினைத்தோமோ, அந்தத் தோள்கோடே போய்விடும்.

பெரிய ஓவியர்கள் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார்கள். இத்தாலியச் செதுக்கோவியர் பிரனேசி 1750 வாக்கில் 14 தகடுகளில் கற்பனைச் சிறைச்சாலைகளைப் பொறித்து வெளியிட்டார். 1761ல் அதே செப்புத் தகடுகளை மறுபடி எடுத்து, இருட்டைப் பல மடங்கு கூட்டி, படிக்கட்டும் விட்டமும் சங்கிலியும் சேர்த்து, புதிதாக இரண்டு தகடும் செய்து 16 ஆக்கினார். முதல் வடிவத்தை இன்று பார்க்க முடிகிறதென்றால், தகட்டைத் தொடும் முன்பே அச்சிட்ட தாள்கள் இருப்பதால்தான். தகடு ஒன்றுதான், அதில் முதல் நிலை இப்போது இல்லை. பென்சில் படத்துக்கு அந்த அச்சுப்பிரதி பாக்கியமும் கிடையாது.

நார்வே ஓவியர் முங்க் வேறு வழியில் போனார். நோயுற்ற சிறுமியின் படத்தை 1885-86ல் முதலில் வரைந்து, பிறகு 40 வருட இடைவெளியில் மொத்தம் ஆறு ஓவியங்களாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒவ்வொன்றும் தனித்தனி. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயும் அப்படித்தான். 1831 வாக்கில் வந்த அவருடைய 'பெரும் அலை' அச்சுப்படத்துக்கு ஏறத்தாழ 25 வருடம் முன்பே, படகுகள் மேல் அலை எழும் அச்சுப்படங்களைச் செய்திருக்கிறார். அவற்றில் அலை கனத்த சுவர் மாதிரி நிற்கிறது, பிந்தையதில் போல நுரை விரல் விரலாகப் பிரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதால்தான் அவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது நமக்குத் தெரிகிறது.

---

கோடும்நிழலும் | #8

கரித்துண்டு சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனாலும் எல்லாப் படத்துக்கும் பொதுவிதியாக வைக்க முடியாது. பின்னணியை இருட்டாக்குவது, ஓர் ஓரத்தை மென்மையாக்குவது, நாற்காலிக்கு அடியில் நிழல் சேர்ப்பது, இதெல்லாம் சேர்க்கிற வேலை. இதை மூலத்தாளிலேயே செய்யலாம். அழித்துவிட்டு மாற்றி வரைவது புதுத் தாளுக்குரிய வேலை. சாளரத்தின் பட்டியலில் கை இரண்டாவது வகை, பின்னணி முதல் வகை.

---

கரித்துண்டு | #9

அந்தப் பிரிப்பை ஏற்கிறேன்.

பின்னணிக்கு ஒரு குறிப்பு. கிராஃபைட் மின்னுவதற்குக் காரணம் அது தட்டையான செதில்களால் ஆனது. அழுத்தித் தேய்க்கும்போது செதில்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கண்ணாடியாகிவிடுகிறது. அதன் மேல் 8பி, 9பி என்று எதைப் போட்டாலும் இன்னும் மின்னும், கறுப்பு கூடாது. கரிப் பென்சிலை நேரடியாகப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், பிடிக்காது. செய்ய வேண்டியது: படத்தின் மற்ற பகுதியைத் தாளால் மறைத்து, பின்னணிக்கு மட்டும் வொர்க்கபிள் ஃபிக்ஸேட்டிவ் இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் அது லேசான சொரசொரப்பைக் கொடுக்கும். அதில் கார்பன் பென்சில் அல்லது அமுக்கிய கரிப் பென்சிலைக் குறுக்கும் நெடுக்குமாக மென்மையாக ஏற்றுங்கள். மறைக்கும் தாளின் விளிம்பு உருவத்தை ஒட்டியே நின்றால் வெட்டி ஒட்டியது மாதிரி கோடு விழும், ஆகவே விளிம்பை ஒரு செ.மீ. தூக்கிப் பிடியுங்கள். தலைமுடி ஓரத்தில் கரியைத் தொடாமல், 2பி-யால் இருட்டோடு கலக்கவிடுங்கள்.

---

மைக்கூடு | #10

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். பேனா படத்துக்கு இதில் எது பொருந்தும்? குறுக்குக்கோட்டு நிழல், பிரிஸ்டல் அட்டை.

---

நார்த்தாள் | #11

பேனாவில் வேறு விதி. முதலில் மை எது என்று பாருங்கள். கார்பன் கலந்த இந்தியன் இங்க் என்றால் நிறம் மங்காது, காய்ந்த பிறகு நீரிலும் கரையாது. சாய மை அல்லது பால்பாயிண்ட் என்றால் இத்தனை வருடத்தில் ஊதாவாகவோ பழுப்பாகவோ மங்கியிருக்கும். அதன் பக்கத்தில் புதுக் கறுப்பு விழுந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். ஓர் ஓரத்தில் பழைய கோட்டின் மேல் ஈரப் பிரஷ் நுனி வைத்து ஒற்றிப் பார்த்தால் கரைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பிரிஸ்டல் அட்டையின் மேல்பரப்பு கெட்டி. அதனால் சின்னக் கோட்டைப் புதிய பிளேடால் படுக்கவைத்துச் சுரண்டி எடுக்கலாம். சுரண்டிய இடத்தை வழவழப்பான கரண்டிமுதுகு மாதிரி எதனாலாவது டிரேசிங் தாள் வைத்துத் தேய்த்துப் படியவைக்கணும், இல்லையென்றால் புது மை நாரில் கசியும். பெரிய பகுதி என்றால் காமிக்ஸ் வரைபவர்கள் செய்வதுபோல அதே அட்டையில் புதிதாக வரைந்து, வெட்டி, அடிவிளிம்பைச் சாய்வாகச் சீவி ஒட்டிவிடுங்கள். அச்சுக்குப் போகும் படத்துக்கு இதுவே சுத்தமான வழி.

நிழலைக் கூட்ட இன்னொரு அடுக்குக் கோடு போடும்போது பழைய கோட்டுக்குச் செங்குத்தாகப் போட்டால் வலை மாதிரி தெரியும். மிகக் குறைந்த கோணத்தில் போட்டால் அலையலையாகக் கோலம் எழும். 30 டிகிரி அளவில் சாய்த்தால் நிம்மதி.

---

நீர்த்தடம் | #12

வாட்டர்கலருக்கும் ஒரு வார்த்தை சேர்த்துவிடுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும். பழைய வண்ணத்தை ஈரமாக்கி ஒற்றி எடுக்கலாம், ஆனால் எல்லா வண்ணமும் வராது. அல்ட்ராமரின் மாதிரி துகள் வண்ணங்கள் ஓரளவு எழும்பும். தாலோ நீலம், தாலோ பச்சை நாருக்குள் சாயமாக இறங்கியிருக்கும், எவ்வளவு ஒற்றினாலும் நிழல் மிஞ்சும். அசல் அலிசரின் கிரிம்சன் வெளிச்சம் பட்டு வெளுக்கும் வகை. பழைய படத்தில் கன்னம் வெளிறித் தெரிந்தால் வரைந்தபோதே அப்படி இருந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். சட்டகத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தைப் பார்த்தால் பழைய நிறம் தெரியும்.

---

சாளரம் | #13

தெளிவாகிவிட்டது. மூலப்படத்தை அப்படியே வைத்துவிட்டுப் புதுத் தாளில் வரைகிறேன். ஏ2-வுக்குப் பெரிதாக்க நினைக்கிறேன். பழையதை எப்படி மாற்றுவது? லைட் பாக்ஸில் வைத்து அப்படியே டிரேஸ் எடுக்கலாமா?

---

கோடும்நிழலும் | #14

ஓரக்கோட்டை முழுவதும் டிரேஸ் எடுக்காதீர்கள். இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரேஸ் எடுக்கும்போது கண் மாதிரியைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பின்தொடர்கிறது. பழைய தப்பு அப்படியே வரும், பழைய வேகம் மட்டும் வராது. கிடைப்பது இரண்டிலும் மோசமானது.

எடுக்க வேண்டியது புள்ளிகளை மட்டும்: தலை உச்சி, தாடை, கழுத்துக்குழி, இரண்டு தோள் முனை, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், நாற்காலிக்கால் தரையைத் தொடும் இடங்கள், ஜன்னலின் மூலைகள். கூடவே நீங்கள் விரும்பும் அந்தத் தோள்கோட்டின் தொடக்கம், முடிவு, அது வளையும் உச்சம், இந்த மூன்று இடம். இதற்கு மேல் வேண்டாம். புள்ளிகளுக்கு நடுவே இன்றைய கண்ணால் வரையுங்கள்.

இன்னொன்று, பழைய படத்தை மட்டும் பார்த்து வரையாதீர்கள். அன்று என்ன கண்ணில் பட்டதோ அதுதான் அதில் இருக்கிறது. மணிக்கட்டு எலும்பு அன்று கண்ணில் படவில்லை என்றால் தாளிலும் அது இல்லை, எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிடைக்காது. கைகள் சின்னதாகப் போனதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம், விரல் முட்டி எலும்புகள் தெரியாதபோது கை உறை மாதிரி சுருங்கிவிடும். யாரையாவது அதே மாதிரி உட்காரவைத்து, இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் கைகளை மட்டும் நாலைந்து தனிப் பயிற்சிப் படமாக வரையுங்கள். ஆள் வயதில் மாறினாலும் எலும்பு எங்கே ஒளியைப் பிடிக்கிறது என்பது கிடைத்துவிடும். சுருக்கமும் நரம்பும் அதன் மேல் ஏறுபவை.

பிறகு 5 × 7 செ.மீ. அளவில் மூன்று டோன் மட்டும் வைத்துச் சின்னப் படங்கள். ஒன்றில் பின்னணி முழு இருட்டு, ஒன்றில் ஜன்னல் பக்கம் மட்டும் இருட்டு, ஒன்றில் மடி இருண்டு கை மட்டும் வெளிச்சம். பழைய ஏற்பாட்டையே மறுபடி ஓட்டாமல் தேர்ந்தெடுக்க இது வழி விடும்.

---

அடுக்குமேல்அடுக்கு | #15

ஏ3-ல இருந்து ஏ2 நீளத்துல 141%, பரப்புல ரெண்டு மடங்கு. பென்சில் கோடு மட்டும் பெரிசாகாது, அதை மனசுல வைங்க. ஏ3-ல அடர்த்தியாத் தெரிஞ்ச அதே கோட்டு நிழல் ஏ2-ல மெலிஞ்சு தெரியும். ஒண்ணு கோட்டை இன்னும் நெருக்கமாப் போடணும், இல்ல பெரிய பகுதிக்கெல்லாம் கிராஃபைட் தூளைப் பிரஷ்ல பூசி அடித்தளம் போட்டுக்கணும்.

கட்டம் போடறதா இருந்தா மூலத்தாள்ல போடாதீங்க. ட்ரான்ஸ்பரன்ட் ஷீட்ல மார்க்கரால போட்டு மேல வைங்க. பழையதுல 5 செ.மீ. கட்டம்னா புதுசுல 7.07 வரும், அதை ஸ்கேல்ல அளந்து அளந்து வெச்சா பத்துக் கட்டத்துல தப்பு கூடிடும். அதுக்குப் பதிலா ரெண்டு தாளையும் 6 × 8 சமபாகமாப் பிரிச்சிடுங்க, அளவுக் கணக்கே தேவையில்ல.

பிரிண்டர் வசதி இருந்தா, திருத்தின ஸ்கேனை வெளிர் நீலத்துல, 15% அளவுக்கு மங்கலா அச்சடிச்சு, அதுல சோதனைப் படம் வரையலாம். முடிச்சு ஸ்கேன் எடுத்து நீலச் சேனலை மட்டும் எடுத்தா அச்சுக்கோடு மறைஞ்சு பென்சில் மட்டும் நிக்கும். இறுதிப் படத்துக்கு இது வேண்டாம், இங்க்ஜெட் சாய மை நாள்பட நிறம் மாறும்.

---

நார்த்தாள் | #16

புள்ளிகளை மாற்றும் வேலைக்குக் கார்பன் பேப்பர் பயன்படுத்தாதீர்கள். அதில் மெழுகு இருப்பதால் கோடு அழியாது, மேலே கிராஃபைட்டும் ஏறாது. டிரேசிங் தாளின் பின்பக்கம் புள்ளி வரும் இடங்களில் 2பி தேய்த்து, டிஷ்யூவால் துடைத்து, முன்பக்கம் மை தீர்ந்த பால்பாயிண்டால் லேசாக ஒரு தொடல். அழுத்தினால் புதுத் தாளிலும் பள்ளம்.

தாள் இந்த முறை பருத்தி நார் உள்ளதாக, அமிலமற்றதாக, 200 ஜிஎஸ்எம்-க்குக் குறையாமல் எடுங்கள். ஏ2-வில் பல அடுக்கு வேலைக்கு 130 தாங்காது, உள்ளங்கை ஈரத்துக்கே நெளியும். மிக வழவழப்பான ஹாட்பிரஸ் கைக்கும் முகத்துக்கும் நன்றாக இருக்கும், இருண்ட பின்னணிக்கு நடுத்தரப் பல் வேண்டும். இரண்டும் ஒரே தாளில் வேண்டுமென்பதால் நடுத்தரத்தையே எடுங்கள்.

இருட்டு: 6பி-யை அழுத்தாமல் 2பி, அதன் மேல் 4பி, கடைசியாகக் கார்பன் பென்சில் என்று ஏற்றுங்கள். பின்னணியின் மிக இருண்ட இடத்தைத் தொடக்கத்திலேயே ஒரு கைப்பிடி அளவுக்குப் போட்டுவைத்தால் மற்ற டோன்களை அதோடு ஒப்பிட்டு வைக்கலாம்.

---

சாளரம் | #17

கடைசிக் கேள்வி. பழைய படத்தின் பின்னணியை மட்டும் கரித்துண்டு சொன்ன முறையில் இருட்டாக்கலாமா, அல்லது அதையும் விட்டுவிடணுமா? கையெழுத்தும் தேதியும் எப்படிப் போடுவது?

---

கரித்துண்டு | #18

ஸ்கேன் கையில் இருக்கிறது, புதுப் படமும் வரப்போகிறது என்றால், புதுப் படம் முடிந்த பிறகு தீர்மானியுங்கள். அதற்கு முன் பழையதைத் தொட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

தொட்டால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்தில் இரண்டாவது ஆண்டைப் போடுங்கள், 2012 / 2024 என்கிற மாதிரி. புதுத் தாளில் இந்த ஆண்டு மட்டும். முந்தைய படத்தின் ஆண்டு, அளவு, தாள் விவரத்தைப் பின்பக்கக் கீழ்மூலையில் எச்பி-யால் அழுத்தாமல் எழுதிவையுங்கள்.

---

நார்த்தாள் | #19

ஃபிக்ஸேட்டிவ் அடிக்கும்போது: முதலில் உதிரித் தாளில் அடித்துப் பாருங்கள், துளி துளியாகத் துப்பினால் டப்பாவைத் தலைகீழாக்கி வெறும் வாயு வரும் வரை அழுத்திச் சுத்தப்படுத்துங்கள். காற்றோட்டமான இடம், 30 செ.மீ. தூரம், தாளுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் வீச்சு. ஒரு பூச்சு காய 15 நிமிடம் விட்டு அடுத்தது. வெள்ளைச் சாக்கில் ஒளிப்புள்ளி வைப்பதாக இருந்தால் கடைசிப் பூச்சுக்குப் பிறகே வையுங்கள், ஃபிக்ஸேட்டிவ் பட்டால் வெள்ளை மங்கி மறையும்.

பழையதைக் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்) இடைவைத்து, அமிலமற்ற உறையில் தட்டையாக வையுங்கள். செலோடேப் எதிலும் ஒட்ட வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி நாருக்குள் இறங்கும். புதுத் தாளோடு முகத்துக்கு முகம் அடுக்காதீர்கள், பழையதன் கரியும் அமிலமும் அதில் ஏறும்.